பெரணி ஏன் தலையைச் சுருட்டிக்கொண்டது?

அந்தக் காலத்தில் புல்லும் பூண்டும் வாய்விட்டுப் பேசின. ஜப்பான் நாட்டு மலையொன்றில் கென்சாய் என்ற மூலிகைப் பண்டிதர் இருந்தார். எந்தச் செடியைக் கண்டாலும் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லுவார். "நீ எந்த நோய்க்கு ஆவாய்?" என்று கேட்டு, அது சொன்னதை ஏட்டில் எழுதிக்கொள்வார். இஞ்சி செரிமானம் என்றது. அதிமதுரம் இருமல் என்றது. அதுகளின் பெருமைக்குக் கேட்கவேண்டுமா! பூவும் காயும் இல்லாத பெரணிச் செடி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அப்போதெல்லாம் பெரணித் தளிர் ஈர்க்குச்சி மாதிரி விறைப்பாகத்தான் முளைக்கும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. களைன்னே எழுதிடுங்க" என்றது கடைசியில்.

"அவசரப்படாதே. உன் குணம் எனக்குத் தெரியலைன்னா அது என் குறைதானே?" என்றார் பண்டிதர். "பெரணி" என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டுவைத்தார்.

அந்த இடம் நிரம்புமுன்பே அவர் காலமானார். அவரால் பிழைத்தவர்கள் ஒன்றுகூடி, வாயில் இலையோடு அவர் உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பட்டுத்துணியில் வரையச் செய்து, பலகையில் அறைந்து, அவர் மனைவி ஓமினேயிடம் கொடுத்தார்கள். அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. காலையில் கஞ்சி காய்ச்சினால் முதல் கிண்ணம் படத்துக்குத்தான். "இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கல். முகம் சுளிக்காதீங்க" என்பாள்.

ஒருநாள் புயல் வந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. நாலு துளி விழுந்தால் வண்ணம் கரைந்துவிடும். அப்புறம் அந்த முகத்தை அவள் எங்கே போய்ப் பார்ப்பாள்? மடித்தால் வண்ணம் உதிரும். சுருட்டும் வித்தை அப்போது யாருக்கும் தெரியாது. ஆணிகளைப் பிடுங்கி, துணியை மேலாடைக்குள் மறைத்தபடி, அந்தச் செடிகள் நின்ற கொல்லைக்கு ஓடினாள். "யாராவது இவரைக் காப்பாத்துங்களேன்!" என்று கதறினாள்.

"வெளியே வந்தா நான் அழுகிடுவேன்" என்றது இஞ்சி. அதிமதுரத்துக்குக் காதே கேட்கவில்லை.

பெரணிதான் கூப்பிட்டது. "அம்மா, ஐயாவை இப்படிக் கொடுங்க."

"நீ ஒடிஞ்சுபோவியே!"

"ஒடிஞ்சா ஒடியட்டும். எனக்குன்னு இடம் விட்டு வச்சவராச்சே."

துணியைப் போர்த்தியதும் பெரணி நுனியை வளைத்தது. தண்டு நறநறவென்றது. விடாமல் வளைத்து, படத்தை உள்ளே வைத்து அடிவரை சுருண்டு, தன் தண்டிலிருந்த பழுப்புப் பஞ்சை மேலே போர்த்திக்கொண்டது. மூன்று நாள் பேய்மழை. நாலாம் நாள் வெயிலில் மெல்லப் பிரிந்தது. பண்டிதர் அப்படியே இருந்தார். வாயிலிருந்த இலைகூட மங்கவில்லை.

"உனக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன், தங்கமே!" என்று ஓமினே அழுதுகொண்டே பெரணியைக் கும்பிட்டாள். பிறகு பெட்டியிலிருந்த ஏட்டை எடுத்து, அவர் விட்டுவைத்த இடத்தில் எழுதினாள்: "என் வீட்டுக்காரரைக் காப்பாற்றியது."

அன்று முதல்தான் அந்நாட்டார் படங்களைச் சுருட்டி வைக்கிறார்கள். பெரணியும் வசந்தந்தோறும் சுருண்டே முளைத்து, உள்ளே ஒருவர் பத்திரமாக இருப்பதுபோல மெல்ல மெல்லப் பிரிகிறது.