வெட்டிய ஒன்பது சொற்கள்

"மிஸ், 'உண்மையான' எண்டதுக்கு இங்கிலிசில இன்னும் எத்தினை சொல்லு கிடக்கு?"

தவமலர் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். குடையைக்கூட மடக்கவில்லை.

தர்சிகா மிஸ் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். தவமலரைவிடப் பத்து வயது இளையவள். கொடிகாமத்தில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் இங்கிலிசு ரியூசன் நடத்துபவள். வாயிலிருந்து ஒரு சொல் விழுவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.

"உங்களிட்ட எத்தினை இருக்கு, அக்கா?"

"ஒன்பது."

"காணாதோ?"

"காணாது. அவங்கள் நம்பேல்லையே!"

தவமலர் கடிதத்தை மேசையில் போட்டாள். போட்டாள் என்பதைவிட அறைந்தாள் என்பதுதான் சரி.

அவளுக்கும் கேதீசுக்கும் கலியாணமாகி இரண்டு வருடம். தாலி கட்டிய பதினாறாம் நாள் கேதீஸ் கனடாவுக்குத் திரும்பிவிட்டான். அவள் விசாவுக்குக் காத்திருந்தாள். வந்தது விசா இல்லை, விசா அலுவலகத்தின் இந்தக் கடிதம். கலியாணப் படத்தில் பெண் அழுகிறாளாம். மாப்பிள்ளையின் முகம் தெரியவில்லையாம். ஒருவரை ஒருவர் பார்க்கவேயில்லையாம். ஆகவே இது கலியாணம்போலத் தோன்றும் ஒன்றே தவிர, உண்மையான கலியாணம் இல்லை. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதவும்.

"நான் என்ன சினிமாக்காரியோ, மணவறையில பல்லைக் காட்டிக்கொண்டு நிக்க?"

மிஸ் கடிதத்தை வாசித்தாள்.

"இந்த 'அப்பரன்ட்' எண்டா என்ன மிஸ்? அகராதியில ஒரு இடத்தில 'தெளிவாத் தெரியிற' எண்டு கிடக்கு. அடுத்த வரியில 'வெளிப்பார்வைக்கு மட்டும்' எண்டு கிடக்கு. எது சரி?"

"ரெண்டும்."

"கண்டறியாத பாஷை! உள்ளதுக்கும் அதுதான், இல்லாததுக்கும் அதுதானோ?"

"நாங்கள் மட்டும் என்னவாம்? அழகா இருந்தா ஆள் வடிவு எண்டுறம். கவனமாப் பாக்கச் சொல்லேக்கையும் வடிவாப் பார் எண்டுறம்."

தவமலர் இப்போதுதான் குடையை மடக்கினாள்.

"நீங்கள் எழுதினதைக் காட்டுங்கோ."

அவள் காட்டினாள். மூன்று இரவு உட்கார்ந்து எழுதிய மறுப்பு. எங்கள் கலியாணம் ஜெனுவின். எங்கள் அன்பு ரியல், ட்ரூ, சின்சியர். இப்படியே போய், ஒன்பதாவது சொல்லுக்குக் கீழே கையெழுத்து.

மிஸ் சிவப்புப் பேனையை நீட்டினாள்.

"பொய்க் கலியாணம் செய்த ஒருத்தி எழுதக்கூடிய சொல்லையெல்லாம் வெட்டுங்கோ."

"அதென்ன விசர்க் கதை?"

"வெட்டுங்கோ அக்கா."

தவமலர் முதல் சொல்லைப் பார்த்தாள். பொய்க்காரி இதை எழுதுவாளா? எழுதுவாள். இதைத்தான் முதலில் எழுதுவாள்.

வெட்டினாள்.

இரண்டாவது. மூன்றாவது. ஐந்தாவதில் கை கொஞ்சம் தயங்கியது. அதையும் வெட்டினாள்.

கடைசியில் அவளுடைய பெயரும் திகதியும் மிஞ்சின.

"இப்ப சந்தோசமோ?" பேனையை மேசையில் எறிந்தாள். "மூண்டு மாசமா உங்களிட்டப் படிச்சதெல்லாம் இதுக்குத்தானோ? அவங்கள்தான் என்னைப் பொய்க்காரி எண்டாங்கள். நீங்களும் என்ர கையாலேயே எல்லாத்தையும் வெட்ட வைச்சிட்டியள்."

மிஸ் தன் தேத்தண்ணியை அவள் பக்கம் தள்ளினாள். கடிதத்தோடு இருந்த கலியாணப் படத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்தாள்.

"வடிவாப் பார்த்திட்டன். எனக்கும் தெரியேல்லை. ஏன் அழுறீங்கள்?"

"அது... அம்மி மிதிக்கேக்க எடுத்தது."

"ம்."

"ரெண்டாம் சுத்து. இடது காலுக்கு மெட்டி போடோணும்."

"ம்."

தவமலர் குடையின் கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினாள்.

"இடது காலில எனக்கு ரெண்டு விரல் இல்லை மிஸ். யுத்தத்தில போனது. மெட்டி போடுற விரலும் அதோட போட்டுது. கலியாணத்துக்கு முன்னம் எட்டு மாசம் போனில கதைச்சனாங்கள். மழை பெய்தாலும் சொல்லுவன், கறி கரிஞ்சாலும் சொல்லுவன். இதை மட்டும் சொல்லேல்லை."

மிஸ் படத்தைக் கீழே வைத்தாள்.

"அவர் குனிஞ்சு காலைத் தூக்கினார். மண்டபம் நிறையச் சனம். சரி, எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சன். அவர் சால்வைத் தொங்கலை இழுத்து என்ர காலை மூடிப்போட்டார். படத்தில முகம் தெரியேல்லை எண்டுறாங்களே, அதுதான். நெடுநேரம் குனிஞ்சுகொண்டே இருந்தார். ஐயர் அவசரப்படுத்திறார். மாமி என்னவாம் எண்டு எட்டிப் பாக்கிறா. ஆள் நிமிரேல்லை. பிறகு மெல்லமாக் கேட்டார், 'சின்ன விரலுக்குப் போடட்டே, நோகுமோ?' எண்டு."

தவமலர் படத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அதுக்குத்தான் மிஸ் அழுதனான்."

மிஸ் ஒரு புதுத் தாளைக் கிழித்து அவள் முன்னால் வைத்தாள்.

"இதைப் போய் ஒரு வெள்ளைக்காரனுக்கு எழுதிறதோ? அவன் என்ர காலைப் பற்றி வாசிக்கிறதோ?"

மிஸ் பேனையை எடுத்துத் தாளின்மேல் வைத்தாள்.

தவமலர் தாளைப் பார்த்தாள். பிறகு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மூண்டு விரல் இருக்கு எண்டு தொடங்கட்டே மிஸ், ரெண்டு இல்லை எண்டு தொடங்கட்டே?"

"அண்ணை எந்த விரலில போட்டவர்?"

"சின்ன விரலில."

"அதில தொடங்குங்கோ."