நாலு கட்டமும் ஓட்டுப் போட்டுத் தேடிய பெண்

தேனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொடுக்கும் புத்திசாலிகள் நாலு பேர் இருந்தார்கள். புத்திசாலிகள் என்பது அவர்களே போர்டில் எழுதி மாட்டியது. நாம் ஏன் குறுக்கே பேசவேண்டும்? மூத்தவன் ஒச்சப்பன். வயது முப்பத்தாறு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்தக் கவலையில் ஆளே பாதியாகியிருந்தான்.

கீழே திருமணத் தகவல் மையம் நடத்தும் குருவம்மாக்கா ஒருநாள் படியேறி வந்தார். கம்ப்யூட்டரில் நானூறு பெண்களின் விவரம் வைத்திருந்தார். ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொழில் என்று நாலு கட்டம்.

"ஒரு வார்த்தை அடிச்சா நாலு கட்டத்தையும் கேட்டு, உண்டா இல்லையான்னு முடிவு சொல்லணும்ப்பா. செஞ்சு குடு ஒச்சப்பா, அதுல கிடைக்கிற முதல் பொண்ணு உனக்குத்தான்."

ஒச்சப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆளுக்கொரு கட்டமாகப் பிரித்து, அதில் தேடிப் பார்க்க ஆளுக்கொரு குட்டிப் புரோகிராம் எழுதினார்கள். டீச்சர் மருமகள்தான் வேண்டும் என்று அவன் அம்மா ஒற்றைக்காலில் நின்றதால், முதல் வேலையாக 'டீச்சர்' என்று அடித்தான். நானூறு பேரில் டீச்சர் ஒரே ஒருத்தி.

தொழில் கட்டம் 'உண்டு' என்றது. மற்ற மூன்றும் 'இல்லை' என்றன.

"ஒண்ணுக்கு மூணு. தோத்துட்டோம்ணே," என்றான் நால்வரில் ஒருவனான தவமணி, துக்கவீட்டுக் குரலில்.

"தொழில் கட்டம் உண்டுங்குதேடா!"

"அது ஒண்ணு சொன்னா ஆச்சா? நாலையும் கேட்டுல்ல முடிவு சொல்லச் சொன்னாங்க. மூணு பேரு பேச்சைத் தள்ளிட்டு ஒருத்தன் பேச்சைக் கேக்குறது நியாயமாண்ணே?"

ஒச்சப்பனுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் நியாயம் என்னவோ தவமணி பக்கம்தான் இருப்பதாகப் பட்டது.

மூன்றாமவன் பூமிராசன்தான் வழி சொன்னான். "ஓட்டுக் குறைஞ்சா ஓட்டுச் சேக்கணும். அந்தப் பொண்ணுக்கு நாலு கட்டத்துலயும் டீச்சர்னே ஏத்திருவோம்."

ஏற்றினார்கள். தேடினார்கள். நாலுக்கு நாலு! போட்ட கூச்சலில் குருவம்மாக்கா மேலே ஓடிவந்தார்.

"கிடைச்சிருச்சா? பொண்ணு பேரு என்னப்பா?"

"டீச்சர்க்கா."

"அப்பா பேரு?"

"டீச்சர்."

"எந்த ஊரு?"

"அதுவும் டீச்சர்தான்க்கா."

அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பாவம், சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று ஒச்சப்பன் மின்விசிறியைப் போட்டான்.

மறுநாள் காலை, பட்டுவேட்டியும் பூவும் பழமுமாக நாலு பேரும் பஸ் ஏறினார்கள்.

"டீச்சர்ங்கிற ஊருக்கு நாலு டிக்கெட் குடுங்கண்ணே."

"அப்படி ஒரு ஊரே இல்லப்பா," என்றார் கண்டக்டர்.

"இல்லவே இல்ல," என்றார் டிரைவர், திரும்பிப் பார்த்து.

நாலு பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். பிறகு ஒச்சப்பன் எழுந்து நின்றான்.

"இருக்குங்கிறவங்க கையத் தூக்குங்க."

நாலு கைகள் உயர்ந்தன. ஒன்றில் வாழைத்தார் இருந்தது.

"இல்லைக்கு ரெண்டு, உண்டுக்கு நாலு," என்றான் ஒச்சப்பன், முகமெல்லாம் பல்லாக. "ஊரு இருக்குண்ணே. வண்டிய எடுங்க!"