முதல் கூடைக்கு மூன்று எறி

இதில் வரும் பொய்யெல்லாம் பாக்கியநாதன் சொன்னது. மெய் கொஞ்சம்தான் உண்டு. அது அவர் மனைவி எஸ்தரம்மாளின் துணிப்பைக்குள் இருந்தது.

அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டு டீச்சர் ஜெபக்கனி ஒன்பது இடத்தில் கம்பம் நட்டு, சங்கிலி தொங்கவிட்டு, அடியில் கூடை மாட்டியிருந்தார். பிளாஸ்டிக் தட்டை எறிந்து கூடையில் விழவைக்க வேண்டும். தட்டு எங்கே விழுகிறதோ அங்கே போய் நின்றுதான் அடுத்த எறி. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்று போட்டது என்பதால் முதல் கூடை நாற்பதே எட்டு நடை தூரத்தில், புங்கமரத்தடியில்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு அந்தக் கூடைக்குத் தட்டை எறிந்துவிட்டு, அதைத் தேடிப் போன பாக்கியநாதன், ஆட்டம் முடிந்தும் திரும்பவில்லை. வருகிற சனிக்கிழமையோ ஊர்க்காரர்களுக்குப் போட்டி. அப்பா ஆடுவதைப் பார்க்க ஓசூரிலிருந்து மகள் வருகிறாள். போனில் அவளிடம், "நான்தாம்மா கேப்டன்" என்று வேறு சொல்லி வைத்திருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் ஆட வந்த கூட்டத்துக்கு நடுவே டீச்சர் அட்டையும் பேனாவுமாக நின்றார். "அண்ணாச்சி, முதல் கூடைக்கு எத்தனை எறின்னு எழுதாமக் கிடக்கு. அது இல்லாம போட்டியில உங்க பேரைச் சேர்க்க முடியாது."

"மூணு," என்றார் பாக்கியநாதன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"மூணு எறிக்கு ரெண்டு மணி நேரமா?" அன்று கூட ஆடிய ஆட்டோக்காரன் சுடலைமணி கேட்டான்.

"தூரம் கொஞ்சம் கூடிப்போச்சு தம்பி."

எஸ்தரம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆண்டவரே, சின்னப் பொய்யோடு இவரை நிறுத்தும்.

"நான் எறிஞ்ச வேகத்துல புங்கமரத்து இலையெல்லாம் புரண்டு படுத்துக்கிச்சு. தட்டு மதிலைத் தாண்டி, போய்க்கிட்டிருந்த கூட்ஸ் வண்டி மேல உக்காந்துச்சு. சட்டம் என்ன? விழுந்த இடத்துலருந்துதான் அடுத்த எறி. ஓடினேன், ஏறினேன். கார்டு எழுந்திரிச்சு சலாம் போட்டார்."

"அங்கேயே திருப்பி எறிய வேண்டியதுதானே?"

"ஓடுற வண்டியிலயா? தப்பாட்டம் நமக்கு ஆகாது தம்பி. வண்டி தூத்துக்குடியிலதான் நின்னுச்சு."

ஆண்டவரே, தூத்துக்குடியோடு போதும்.

"அங்கருந்து நம்ம ஊரைப் பார்த்துத்தான் எறிஞ்சேன். காத்து கழுத்தைப் பிடிச்சுத் திருப்பிடுச்சு. தட்டு கடலுக்குள்ள போயிடுச்சு."

"முங்கியிருக்குமே?"

"முங்கும், அந்நேரம் ஒரு திமிங்கலம் முதுகைக் காட்டலைன்னா. நீந்திப் போய் ஏறி நின்னேன்."

"வழுக்கலையா அண்ணாச்சி?"

"வழுக்காம? தேங்காநாரை வச்சு நல்லாத் தேய்ச்சுவிட்ட பிறகுதான் கால் நின்னுச்சு. நாரு ஒரு கட்டுமரக்காரர்கிட்ட இரவல் வாங்கினது. இன்னும் திருப்பிக் கொடுக்கல. அதுதான் மனசை உறுத்துது."

எஸ்தரம்மாள் வானத்தைப் பார்த்தாள். உறுத்த வேண்டிய இடம் அதுவா என்று யாரிடம் போய்க் கேட்பாள்?

"மூணாவது எறிக்குக் கையை ஓங்குறேன், திமிங்கலம் தும்மிடுச்சு! பனை உயரத்துக்குத் தண்ணி. தட்டு கிளம்புது. விட்டாப் போயிடுமேன்னு அது மேலயே ஏறி நின்னுக்கிட்டேன். மேகத்துக்குள்ள வர்றப்பக் குளிர், துண்டைத் தலையில கட்டிக்கிட்டேன். இங்க வந்ததும் நான் சர்ச் கோபுரத்துல இறங்கிக்கிட்டேன். தட்டு மட்டும் நேரா முதல் கூடை! சங்கிலி குலுங்குன சத்தத்துல, இன்னொரு ஆராதனையாக்கும்னு போதகர் அங்கியை மாட்டிக்கிட்டு ஓடி வந்துட்டார்."

"நான் அந்தக் கூடைக்குப் பக்கத்துலதானே நின்னேன்?"

"நீ கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தே."

"நானா? சுடலைமாடனுக்குக் கிடா வெட்டுறவன் அண்ணாச்சி நான்!"

"நான் மேலருந்து வந்த வேகத்தைப் பார்த்தா யாரும் பண்ணுவாங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "சரி அண்ணாச்சி, கூடையில விழுந்த தட்டு எங்க? காட்டுங்க, எழுதிக்கிறேன்."

பாக்கியநாதன் வாயைத் திறந்தார். பொய் ஒன்றும் வரவில்லை. மெதுவாக மனைவியைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த முகத்தை அவள் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தட்டு அவள் பையில்தான் இருந்தது. கொடுக்கலாம் என்று எடுத்து வந்தபோது, பக்கத்து வீட்டில் அவருடைய கூட்ஸ் வண்டிக் கதை கிளம்பியிருந்தது. இப்போது கொடுத்தால் அவர் மானம் போகும். கொடுக்காவிட்டால் சனிக்கிழமை மகள் வந்து வெறும் மைதானத்தைத்தான் பார்ப்பாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். பிறகு பையைத் திறந்தாள்.

"இந்தாங்க டீச்சர். மதிலுக்கு அந்தப் பக்கம் கருவேல முள்ளுக்குள்ள மாட்டிக் கிடந்துச்சு. அலக்குக் கம்பு வச்சு இழுத்து எடுத்தேன். அவர் கால்லருந்து பதினோரு முள்ளும் எடுத்தேன்."

சுடலைமணி சிரிக்கிற சிரிப்பில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

"திமிங்கலத்து முதுகுல முள்ளு இருந்ததைச் சொல்ல மறந்துட்டேன்," என்றார் பாக்கியநாதன், சின்னக் குரலில்.

டீச்சர் தட்டைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப ஒரு எறிதான் ஆகியிருக்கு. தட்டு இன்னும் கூடையில விழல, ஆட்டமும் முடியல. பாக்கி ரெண்டுல போட்டுட்டீங்கன்னா மூணுன்னே எழுதுறேன். பேரும் உண்டு."

பாக்கியநாதன் முகத்தில் வெளிச்சம் வந்தது. தட்டை வாங்கிக்கொண்டு எறிகிற கோட்டுக்கு ஓடினார்.

"அங்க இல்ல அண்ணாச்சி," என்றார் டீச்சர். "சட்டம் என்ன?"

பாக்கியநாதன் மதிலைப் பார்த்தார். மதிலுக்கு மேலே தெரிந்த கருவேலத்தைப் பார்த்தார். எஸ்தரம்மாள் சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் கையில் தயாராக வைத்துக்கொண்டாள்.

"செருப்புப் போட்டுக்கலாமா டீச்சர்?"

"திமிங்கலத்து மேல போடலையே அண்ணாச்சி," என்றான் சுடலைமணி.