ரோஸ் நிறப் புலி

குருவையா ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தால் மகள் சுகந்திக்குக் கல்யாணம் நடக்கும். வேலுத்தாய் காலையிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் சிவகாசியில் அச்சகத்து வேலைக்காரர், நல்ல மனுஷர், குடி கிடையாது. புளுகு மட்டும் உண்டு. போன வருஷம் வந்த சம்பந்தம், தீபாவளி வெடிச்சத்தத்தை ஒரு ஊறுகாய் ஜாடியில் பிடித்து வைத்திருப்பதாக இவர் சொன்னதில் போனது.

இப்போது வந்திருப்பவள் கோவில்பட்டி சண்முகக்கனி, மாப்பிள்ளையின் அம்மா. பெண்ணைப் பார்த்தாள், பிடித்திருக்கிறது என்றோ இல்லையென்றோ சொல்லவில்லை. "எங்க வீட்ல பொய் பேசற பழக்கம் கிடையாது" என்று மட்டும் சொன்னாள். கார் டயரில் காற்று இறங்கிவிட்டதால் மகன் ஒட்டுப் போடப் போயிருந்தான். பேச்சும் ஓடவில்லை, மின்விசிறியும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து சுகந்தி சீட்டுக்கட்டை எடுத்து வந்துவிட்டாள்.

அழிந்துவரும் விலங்குகளைக் காப்பாற்றும் ஆட்டம் அது. குருவையாவின் அச்சகத்தில் கழித்துப்போட்ட கட்டு. ஆட்ட விதி அச்சடித்த தாள் அதில் இல்லாததால் வீட்டிலேயே ஒரு விதி போட்டுக்கொண்டார்கள். எடுத்த சீட்டில் இருக்கும் உயிரைத் தான் எப்படிக் காப்பாற்றினேன் என்று சொல்ல வேண்டும். கேட்கிற கேள்விக்குப் பதில் வராவிட்டால் அந்த உயிர் பூண்டோடு அழிந்தது. சீட்டு, நடுவில் வைத்திருக்கும் முறத்துக்குப் போய்விடும். புளுக வராத வேலுத்தாய் எப்போதும் முதல் கேள்வியிலேயே ஓர் இனத்தை அழித்துவிடுவாள்.

சண்முகக்கனி முதலில் எடுத்தாள். கானமயில். "நான் எதையும் காப்பாத்தலை" என்று முறத்தில் போட்டாள்.

அடுத்தது குருவையா. வரையாடு.

"இது மலை உச்சியில கால் மாட்டி நின்னுச்சு. நான்தான் சைக்கிள்ல போயி இறக்கிட்டு வந்தேன்."

"மலைமேல சைக்கிள்லயா, அண்ணாச்சி?" என்றாள் சண்முகக்கனி.

"ஏறும்போது தள்ளிக்கிட்டுதான் போனேன் தங்கச்சி. பொய் சொல்லக் கூடாது. இறங்கறப்ப ஆட்டைக் கேரியர்ல வச்சேன். என் ரெண்டு கையும் பிரேக்குல. வளைவுக்கு வளைவு மணி அடிச்சது அதுதான்."

"ஆடு பின்னாடி இருந்தா மணி எப்படி எட்டும்?"

"கொம்பு நீளம்."

சுகந்தி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள். வேலுத்தாய் புருஷனின் தொடையைக் கிள்ளினாள். அவர் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த சீட்டை உருவினார். கடல்பசு.

"தொண்டிக் கரையில ஒதுங்கிக் கெடந்துச்சு. நல்ல தண்ணி பாத்து விடலாம்னு டவுன் பஸ்ல ஏத்துனேன். ஜன்னலோர சீட்டு. தலையில ஈரத் துண்டு."

"கண்டக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

"கேட்டாரு. பொம்பளைன்னு சொன்னேன். பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாதுன்னுட்டாரு. எனக்குத்தான் சீட்டுக் கிழிச்சாரு."

சண்முகக்கனியின் முகத்தில் ஈ ஆடவில்லை. இன்னொரு தடவை கிள்ளலாமா, எழுந்து போய் உளுந்தவடைக்கு எண்ணெய் வைக்கலாமா என்று வேலுத்தாய் தவித்தாள். அதற்குள் மூன்றாவது சீட்டு வந்துவிட்டது. புலி. மஞ்சள் மை தீர்ந்துபோன பிறகு அச்சான கட்டு என்பதால் அந்தப் புலி, கல்யாண வீட்டுப் பஞ்சு மிட்டாய் போல ரோஸ் நிறத்தில் இருந்தது.

"இது என்ன நெறம்?" என்றாள் சண்முகக்கனி.

மை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் முடிந்தது. குருவையா சொல்வாரா? "நெசப் புலிதான் தங்கச்சி. வேட்டைக்காரனுக்குப் பயந்து மூணு மாசம் நம்ம வீட்டுலதான் இருந்துச்சு. மாடிப்படிக்குக் கீழ படுக்கை. வந்தப்ப நல்ல மஞ்சளாத்தான் இருந்துச்சு. இவ ஒரு நாள் சோப்புத்தூள் போட்டு ஊறவச்சு அலசிட்டா. சாயம் போயிருச்சு."

சண்முகக்கனி சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வேலுத்தாய் பக்கம் திரும்பினாள். "மதினி, காப்பியில சீனி கம்மின்னு நான் குடிக்கறதுக்கு முன்னாடியே நீங்களா சொன்னீக. நீங்க உள்ளதைப் பேசறவுக. சொல்லுங்க. புலியைத் துவைச்சீகளா?"

இல்லை என்றால் புருஷன் புளுகன். புளுகன் மகளை எவள் எடுப்பாள்? ஆமாம் என்றால் வீடே புளுகு வீடு. சுகந்தி குனிந்து பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்முகக்கனியின் கை முறத்துக்கு மேலே நின்றது.

வேலுத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "துவைச்சேன் மதினி. இவுக பாதியைத்தான் சொல்லுதாக. அவசரத்துல வெள்ளை வேட்டிகளோட சேத்து ஊறப்போட்டுட்டேன். ஆறு வேட்டியும் வரி வரியா ஆயிருச்சு. அதுல ஒண்ணு முகூர்த்த வேட்டி. இன்னைக்கு வரைக்கும் அதை நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

பொண்டாட்டியை இதற்கு முன்னால் பார்த்திராதவர் போலக் குருவையா பார்த்தார்.

சண்முகக்கனி புலியை முறத்தில் போடாமல் குருவையாவின் பக்கம் வைத்தாள்.

"வெள்ளைத் துணியோட யாராவது புலியைப் போடுவாகளா மதினி" என்று கடிந்துகொண்டாள். "எங்க வீட்ல புலிக்குத் தனி வாளி. உங்க மக வரட்டும், எந்த வாளின்னு நானே காட்டித் தாரேன்."