ரொறன்ரோ மச்சானும் டோர்ட்முண்ட் ஏரியும்

ரொறன்ரோவில் இருந்து பத்மசீலன் வந்து இறங்கி மூன்று நாளாகியும் டோர்ட்முண்டில் ஒன்றையும் மெச்சவில்லை. ரயிலைக் காட்டினால் எங்கட ரயில் இதைவிட நீளம் என்றார். தேவாலயத்தைக் காட்டினால் எங்கட கோபுரம் இதைவிட உயரம் என்றார். அவர் வந்ததே தங்கை தவமலரின் குடும்பத்தைக் கனடாவுக்குக் கிளப்பத்தான். "இந்தச் செத்த ஊரிலை என்ன கிடக்கு?" என்று அவர் கேட்கக் கேட்கத் தவமலருக்கும் கொஞ்சம் மனம் ஆடத் தொடங்கியிருந்தது. அவளுடைய புருசன் யோகலிங்கத்துக்கோ இது முப்பத்தைந்து வருசம் இருந்த ஊர். விட்டுப்போக மனம் வரவில்லை.

ஞாயிறு பின்னேரம் மூவரும் தேத்தண்ணிப் போத்தலோடு ஏரிக்கரை வாங்கிலில் குந்தியிருந்தபோது, யோகலிங்கம் ஊர்ப்பெருமையை அவிழ்த்தார்.

ஆயிரத்து நூறு வருசப் பழைய ஊர் என்று அடக்கமாகத்தான் ஆரம்பித்தார். பத்மசீலன் கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவிதான் யோகலிங்கத்தைக் கெடுத்தது. முந்தி ஒருக்கால் பகைவர் படை இரண்டு வருசம் ஊரை வளைத்து நின்றதாம். உள்ளே இருந்த சனம் ஒரு அம்பும் விடவில்லையாம், பியர் காய்ச்சினதாம். அந்த ஆவி மதிலுக்கு மேலால் போய், மூக்கால் ஏறி, படை முழுக்க வெறியேறிப்போய், என்னத்துக்கு வந்தோம் என்பதையே மறந்து, தாங்கள் உடைத்த மதிலைத் தாங்களே கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். குதிரைகள்தான் போக மறுத்துவிட்டனவாம்.

"குதிரையும் குடிச்சதோ?" என்றார் பத்மசீலன்.

"மூக்காலை மணந்து பாத்தது, அவ்வளவுதான்."

தவமலர் ஏரியில் நீந்திய வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிறகு நிலக்கரி வந்தது. ஊருக்குக் கீழே தோண்டினார்கள், தோண்டிக்கொண்டே போனார்கள். காலையில் இறங்கினவன் மேலே வரும்போது பேரப்பிள்ளை நின்று கைகாட்டுமாம். ஒருநாள் ஒருத்தன் பிக்காசால் ஓங்கிக் கொத்த, மறுபக்கம் வெளிச்சம். எட்டிப் பார்த்தால் எங்கட பருத்தித்துறையில் ஒரு கிணறு. மேலே ஒரு மனுசி, வாளியைக் கிணற்றுக்குள் தவறவிட்ட புருசனைத் தமிழில் ஏசிக்கொண்டு நின்றாளாம்.

"அந்த வழியாலைதான் மச்சான் எங்கட சனம் இஞ்சை வந்தது. நானும் அதாலைதான் ஏறினனான்."

"நீர் கிழக்கு பெர்லினாலை வந்தனீர். பிளேனிலை ஏத்திவிட்டதே நான்தான்."

யோகலிங்கம் ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தார். "அது பொலிசுக்குச் சொன்ன வழி."

அதோடு விடவில்லை. உருக்காலைகள் ஊதின புகையில் மேகமெல்லாம் இரும்பாகி, மழைக்குப் பதில் ஆணி பெய்ததாம். சனம் குடையை எறிந்துவிட்டுக் காந்தம் பிடித்துக்கொண்டு நடந்தார்களாம். பத்மசீலன் "எங்கட ரொறன்ரோவிலை" என்று தொடங்கி, அதற்குச் சமனாய் ஒன்றும் அகப்படாமல் வாயை மூடினார்.

வென்றுவிட்ட சந்தோசத்தில் யோகலிங்கம் ஏரியைப் பார்த்தார். பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. தான் பதினொரு வருசம் கூட்டித் துடைத்த உருக்காலை இந்த ஏரி கிடக்கிற இடத்தில்தான் நின்றது என்றார். ஆலையை மூடினதும் சீனாவிலிருந்து ஆயிரம் பேர் வந்து, நட்டு நட்டாய்க் கழற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் போட்டு, கப்பலில் கொண்டுபோய்த் தங்கள் நாட்டில் திரும்பவும் பூட்டினார்கள். மிஞ்சின வெறும் நிலத்தைத் தோண்டித் தண்ணீரை விட்டார்கள்.

"கடைசி நாள் வேலிக்கு வெளியிலை நிண்டு பாத்தனான் மச்சான். நான் துடைச்ச படிக்கட்டையும் கட்டிக்கொண்டு போனாங்கள்."

பத்மசீலனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கிணற்றைக்கூட நம்பலாம், ஒரு ஆலையைக் கழற்றிப் பெட்டியில் அடைத்தார்கள் என்றால் யார் நம்புவது என்றார். கட்டுக்கதையை விட்டு உண்மை பேசின யோகலிங்கம் தேத்தண்ணிப் போத்தலின் மூடியைத் திருகினார்.

அப்போதுதான் தவமலர் திரும்பினாள்.

"அண்ணை, இது உண்மை. அந்த ஆலைக்குத்தான் நான் பதினொரு வருசம் இவருக்குச் சோறு கட்டிக் குடுத்தனான். அவையள் பெட்டி கட்டினதை நானும் நிண்டு பாத்தனான்."

பத்மசீலனின் சிரிப்பு நின்றது. தங்கையையும் மச்சானையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு எழும்பிக் காற்சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"நாளைக்கு நான் தனியவே போறன். ஒரு புளுகர் எண்டால் ஒருமாதிரிச் சமாளிக்கலாம். ரெண்டு பேரை ரொறன்ரோ தாங்காது."