மேட்டு வாசலுக்குக் குளத்துப் புல்

காட்டின் நடுவே ஒரு மேடு. அதன் சரிவில் வளை தோண்டிக் குடியிருந்தது குருந்தன் என்ற முயல். அதன் மனைவி செம்பி நிறைமாதமாக இருந்தது. வளையின் வாசல் முழுக்க அருகம்புல் முரட்டுத்தனமாகப் படர்ந்து கிடந்தது.

ஒருநாள் குருந்தன் குளத்துப் பக்கம் போனது. அங்கே நாவல் மரத்தடியில் ஒரு மான் வசித்தது. மானின் வாசலைப் பார்த்ததும் குருந்தனுக்கு அங்கிருந்து கால் நகரவில்லை. அப்படி ஒரு பச்சை! உட்கார்ந்தால் மெத்தை மாதிரி அமுங்கியது.

"அக்கா, இந்தப் புல்லோட விதை கொஞ்சம் குடுங்க. புள்ள பொறக்கப் போகுது. எங்க வாசலும் இப்படி இருக்கணும்."

"தாராளமா எடுத்துக்கோ தம்பி. ஆனா இது நிழல்லயும் ஈரத்துலயும் வளர்ற புல்லு. உங்க மேட்டுல நாளெல்லாம் வெயில் அடிக்குமே, தாங்காது" என்றது மான்.

குருந்தன் தலையாட்டிவிட்டு விதையோடு கிளம்பியது. வழி நெடுக அதற்கு மனம் கொதித்தது. 'தன் வாசல் மாதிரி இன்னொரு வாசல் வந்துடக் கூடாதுன்னு நெனைக்கிறா!' நல்லது சொன்னால் பொறாமை என்று எடுத்துக்கொள்ளும் புத்திக்கு என்ன மருந்து இருக்கிறது, சொல்லுங்கள்.

வந்ததும் வராததுமாக அருகம்புல்லை வேரோடு பிடுங்க ஆரம்பித்தது.

"ஏங்க, இருக்கறதை எதுக்குப் பிடுங்கறீங்க? ஓரமா கொஞ்சம் வெதைச்சுப் பாருங்க. நல்லா வந்தா மிச்சத்தையும் வெதைப்போம்" என்றது செம்பி.

"பாதி அது, பாதி இதுன்னு இருந்தா பாக்கறவங்க சிரிப்பாங்க. நீ போய்ப் படு."

சரிவு மொட்டையானது. குருந்தன் மண்ணைக் கிளறி விதையைத் தூவியது. எறும்பு தூக்கிப் போகாமல் கூடவே இருந்து காவல் காத்தது. ஒரு சாரலுக்கு விதை முளைத்தும் விட்டது. குருந்தனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "மானக்கா பேச்சைக் கேட்டிருந்தா இது கெடைச்சிருக்குமா?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டியது.

பிறகு வெயில் வந்தது. குருந்தன் வாயில் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றிப் பார்த்தது. முளையெல்லாம் நுனியிலிருந்து கருகி, காய்ந்து, காற்றோடு போயிற்று.

அடுத்து வந்தது பெருமழை. பிடித்து நிறுத்த வேரில்லாத மண் கரைந்து சரிந்தது. வளை இடிந்து மூடிக்கொண்டது. எப்படியோ வெளியே வந்துவிட்ட செம்பி, கொட்டும் மழையில் ஒரு புதரடியில் மூன்று குட்டிகளை ஈன்றது. கடைசிக் குட்டி குளிர் தாங்காமல் இறந்துபோனது.

செய்தி கேட்டு மான் ஓடி வந்தது.

"எல்லாரும் எங்கூட வாங்க. மரத்தடியில மழை அவ்வளவா இறங்கலை."

"நீங்க வயித்தெரிச்சல்ல சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன்க்கா" என்றது குருந்தன்.

மான் குட்டிகளை நக்கித் துவட்டியது.

நாவல் மரத்தடிப் புல்லில் இரண்டு குட்டிகளும் தாயோடு ஒண்டிக்கொண்டு தூங்கின. குருந்தன் அந்தப் புல்லில் கால் வைக்கவில்லை. ஓரத்துச் சேற்றிலேயே நனைந்தபடி உட்கார்ந்திருந்தது.

தன் மண்ணைப் பார்க்காமல் அடுத்தவர் வாசலைப் பார்த்து விதைக்கிறவன், இருந்ததையும் இழந்து நிற்பான்.