மொச்சைக்குச் சட்டை வந்த பனிக்காலம்

செடிக்கும் கொடிக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில் மொச்சைக்குத் தோல் கிடையாது. காயை உடைத்தால் உள்ளே பருப்பு வெறும் உடம்போடு கிடக்கும். பிதுக்க வேண்டாம், உரிக்க வேண்டாம், சட்டியில் போட்டால் ஒரு கொதியில் வெந்துவிடும். ஆனால் பனிக்காலத்தில் அதை யாரும் தின்றதில்லை. மழையோடு காய்த்து, முதல் பனி விழுந்த காலையில் மற்ற கொடிகளோடு சேர்ந்து கருகிப் போகும். மார்கழியும் தையும் ஊர் முழுக்கக் கேழ்வரகுக் களிதான், தொட்டுக்கொள்ள உப்புதான்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மாதி என்று ஒருத்தி இருந்தாள். பேரத்தில் அவளை ஜெயித்தவர் கிடையாது. விற்கிறவன் விலையைச் சொல்லி முடிக்கும் முன்பே பாதியாக்குவாள். பாதிக்கு ஒத்துக்கொண்டால், இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறானே, இதில் ஏதோ இருக்கிறது என்று அதிலும் குறைப்பாள். அதை அவள் விளையாட்டுக்குக் கற்றுக்கொள்ளவில்லை. தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவள். சின்ன வயதில், கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றிருக்கிறாள். பிறகு ஒருநாளும் அப்படி நிற்கவில்லை.

அவள் புருஷன் திம்மன். சாது, சிரிப்புக்காரன். அந்த வருஷம் ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போனது, ஆனால் உடம்பில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. தொண்டை புண்ணாகி, களி உருண்டையை விழுங்கினால் கண்ணில் தண்ணீர் வந்தது. கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சோறு இறங்காத உடம்பு இந்தக் குளிரைத் தாண்டாது என்று மாதிக்குத் தெரிந்துவிட்டது.

களி இறங்காவிட்டால் என்ன, அதே மாவைச் சேவையாக்கலாம் என்று நினைத்தாள். கஷ்டமான வேலையே இல்லை. மாவில் கொதிக்கிற தண்ணீர் விட்டுப் பிசைந்து, பிடிகொழுக்கட்டை மாதிரி பிடித்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறும் முன்பே மர நாழியில் போட்டு அழுத்தினால் நூல் நூலாக இறங்கும். அப்படியே செய்து தட்டில் வைத்துக் கொடுத்தாள். திம்மன் ஒரு நூலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தான்.

வெறும் சேவை தொண்டையில் ஒட்டுகிறது என்றான். மேலே ஊற்ற ஏதாவது குழம்பு இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும், மொச்சைக் குழம்பு என்றால் இன்னும் நல்லது, அந்த வாசனை வந்தாலே பசி வரும் என்றான். சொல்லிவிட்டு, இந்தக் குளிரில் மொச்சைக்கு எங்கே போவாய், விடு என்று அவனே சொன்னான்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி கேழ்வரகு நடுவே சால் விட்டு மொச்சை போடுவார்கள். கேழ்வரகை அறுத்தாகிவிட்டது. அடிக்கட்டைகளுக்கு நடுவே மொச்சைக் கொடி மட்டும் வரிசையாக நின்றது. மழை பிந்திய வருஷம், அதனால் காயும் பிந்திவிட்டது. இப்போதுதான் பூ உதிர்ந்து நகம் நீளத்துக்குப் பிஞ்சு விட்டிருந்தது. பனி வாசலில் நின்றது. மாதி விடிந்ததும் வயலுக்குப் போய்க் கொடியின் முன்னால் குந்தினாள்.

செத்துப்போகாமல் நின்று, காயை முற்ற வைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். கொடி சோர்ந்துபோய்த்தான் பதில் சொன்னது. பனி என்ன தனக்குச் சொந்தக்காரியா, தன்னை மட்டும் விட்டுவிட்டுப் போக என்றது. பிறகு, மேலே போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி கிடைத்தால் நின்றுவிடலாம், ஆனால் யார் தருவார்கள் என்றது.

மாதி ஊருக்குள் போய் வீடு வீடாகக் கம்பளி கேட்டுப் பார்த்தாள். அந்தக் குளிரில் உபரிக் கம்பளி எவரிடமும் இல்லை. இருந்தாலும் கொடுத்திருப்பார்களா என்பது வேறு விஷயம். பக்கத்து வீட்டுச் சென்னம்மா கதவிடுக்கில் நின்றபடியே சொன்னாள்:

"மலைமேல ஆடு மேய்க்கிற பெரியவர்கிட்டக் கேளு. உன் வூட்டுக் கம்பளிய நெய்ஞ்சு குடுத்துட்டு, நீ குடுத்த தானியம் பத்தாம ஒரு மாசம் கஞ்சித்தண்ணி குடிச்சாரே, அவர்கிட்டக் கேளு. சந்தோசமாத் தருவாரு."

மாதி வீட்டுக்குத் திரும்பினாள். வீட்டில் இருந்தது அந்த ஒரே கம்பளிதான். கறுப்பு ஆட்டு மயிரில் நெய்தது, ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெள்ளைக் கரை. அது திம்மன் மேல் கிடந்தது.

மறுபடி கொடியிடம் போனாள். ஒரு கம்பளி இருக்கிறது, எத்தனை நாளுக்கு வேண்டும் என்று கேட்டாள். பொழுது சாய்ந்து, மேற்கே பிறை அப்போதுதான் முளைத்திருந்தது.

"நிலா முழுசாகிற வரைக்கும் குடு அக்கா," என்றது கொடி. "அதுக்குள்ள எம்புள்ளைங்க முத்திடும். கம்பளிய நூலு பிரியாம அப்படியே திருப்பித் தர்றேன். காய் எவ்வளவு வேணுமோ பறிச்சுக்க."

நியாயமான பேச்சு. ஆனால் நிலா முழுசாகிற வரைக்கும் என்றால் பாதி மாசம். பாதி மாசத்து ராத்திரிகளையும் திம்மனின் உடம்பிலிருந்து எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். மாதியின் வாய் பழக்கப்படி முந்திக்கொண்டது.

"மூணு ராத்திரி."

மூன்று ராத்திரியில் எந்தப் பிள்ளையும் முற்றாது என்று கொடி கெஞ்சியது. அது உன் பாடு, இன்றைக்கு ராத்திரி உன் மேல் ஒன்றும் இல்லையென்றால் நாளைக்கு நீ அடுப்பெரிக்கக்கூட ஆகமாட்டாய் என்றாள் இவள். கொடி பத்து ராத்திரிக்கு இறங்கி வந்தது. மாதி மூன்றிலேயே நின்றாள். ஏழு ராத்திரியாவது கொடு என்றது. மாதி எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சந்தையில் எல்லாரும் அப்படித்தான் நடப்பார்கள், கூப்பிடுவார்கள் என்று தெரிந்து நடப்பது.

கூப்பிட்டது.

"சரி அக்கா, மூணு. ஆனா அந்த மூணு ராத்திரியும் கம்பளி என்னுது. எம்புள்ளைங்களை எப்படிக் காப்பாத்தறேன்னு கேக்கக் கூடாது."

கேட்கமாட்டேன் என்று மாதி வாக்குக் கொடுத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

திம்மனிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். மூன்றே ராத்திரி, நான் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன், வைக்கோலைக் கனமாகப் போட்டு மூடுகிறேன், நாலாம் நாள் சுடச்சுடச் சேவையும் குழம்பும் என்றாள். அவன் கம்பளியை அவனே உருவிக் கொடுத்தான்.

"அது எவ்வளவு கேட்டுது புள்ளே, நீ எவ்வளவுல முடிச்சே?"

சொன்னாள். அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் வெகுநேரம் நிற்கவில்லை.

"பாவம் அந்தக் கொடி," என்றான்.

முதல் ராத்திரி எப்படியோ கழிந்தது. இரண்டாம் ராத்திரி அடுப்பைப் பக்கத்திலேயே மூட்டிப் பார்த்தாள். பிந்திய மழையில் நனைந்த விறகு, நெருப்பைவிடப் புகைதான் அதிகம். திம்மனுக்கு மூச்சு முட்டியதால் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டாள். மூன்றாம் ராத்திரி அவன் நடுங்கினான். வைக்கோலோடு சேர்த்து அவனைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். விடியப்போகும் நேரத்தில் அவன் உடம்பு நடுங்குவதை நிறுத்தியது. குளிர் விட்டுவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் வயலுக்கு ஓடினாள். ஊரே வெள்ளையாகக் கிடந்தது. பூசணிக்கொடி, அவரைப்பந்தல், வேலிப் பச்சை, எல்லாம் சுட்டுப்போட்டது மாதிரி கறுத்துத் தொங்கின. மொச்சை மட்டும் பச்சையாக நின்றது. காய் ஒவ்வொன்றும் புடைத்திருந்தது. அதன் வாசனை பனியோடு கலந்து வரப்பு வரைக்கும் வந்தது.

கம்பளியைக் காணோம். கொடியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். ஒரு நூல்கூட இல்லை.

எங்கே என்று கேட்டாள். கொடி ஒரு காயை அவள் பக்கம் தாழ்த்திப் பிளந்து காட்டியது. உள்ளே பருப்புகள் வெறும் உடம்போடு இல்லை. ஒவ்வொன்றும் இறுக்கமாகச் சட்டை போட்டிருந்தது. சட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைக் கரை.

"நிலா முழுசாகிற வரைக்கும் இருந்திருந்தா, அத்தனை பேரையும் ஒரே போர்வைக்குள்ள வெச்சு வளத்திருப்பேன்," என்றது கொடி. "மூணு ராத்திரிக்கு அப்புறம் எம்புள்ளைங்களுக்கு யாரு போத்துவா? ஆளுக்கொரு துண்டு கிழிச்சுப் போட்டுட்டேன், அந்தச் சூட்டுல முத்திட்டாங்க. நீ குடுத்த கெடுவுல எனக்கு வேற வழி தெரியலை, அக்கா."

மாதி இடுப்பில் இருந்த அரிவாளை உருவினாள். கொடியின் அடியில் கை வைத்தாள். வெட்டவில்லை, காய் வேண்டியிருந்தது. மடி கொள்ளுமட்டும் பறித்தாள். பறிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "உன் புள்ளைங்க சட்டைய ஒண்ணு விடாம உரிச்சுப்புட்டுத்தான் சட்டியில போடுவேன். எங்கம்பளிய நான் விடமாட்டேன்."

வீட்டுக்கு வந்து காயை உடைத்துத் தண்ணீரில் கொட்டினாள். பனித்தண்ணீர், விரல் விறைத்தது. ஒவ்வொரு கொட்டையாக எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். பருப்பு பிதுங்கிச் சட்டியில் விழுந்தது, சட்டை விரலில் ஒட்டியது. அதை எடுத்து முறத்தில் சேர்த்தாள். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துவிடலாம் என்று நினைத்தாள். காலை முழுக்கப் பிதுக்கினாள். சுலபமாக ஒரு கொதியில் முடிகிற சமையல், வெயில் ஏறியும் முடியவில்லை. உள்ளே திம்மன் இரண்டு முறை கூப்பிட்டான். இதோ, இதோ என்றாள்.

மிளகும் பூண்டும் தேங்காயும் அரைத்து, துளி புளி கரைத்துப் பருப்பை வேகவிட்டாள். கொழுக்கட்டையை நாழியில் போட்டு அழுத்தினாள். தட்டில் சேவை சுருள் சுருளாக விழுந்தது, மேலே குழம்பை ஊற்றினாள். வீடு முழுக்க வாசனை எழுந்தது. தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது திம்மன் கண்ணைத் திறந்து வைத்திருந்தான்.

அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஊட்டினாள். ஒரு வாய் இறங்கியது. இன்னொரு வாயும் இறங்கியது. வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தான். மூன்றாவது வாய்க்கு அவன் வாயைத் திறக்கவில்லை.

"நல்லாயிருக்கு. குளிருது புள்ளே, அந்தக் கம்பளிய எடுத்துப் போடு."

மாதி முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உரித்துச் சேர்த்த சட்டைகளை இரண்டு கையாலும் அள்ளி அவன் நெஞ்சின் மேல் பரப்பினாள். ஈரமாக, சில்லென்று, ஒன்றோடொன்று ஒட்டாமல் இரண்டு பக்கமும் சரிந்தன. மறுபடி அள்ளிப் போட்டாள். மறுபடி சரிந்தன. அவள் கையில் இருந்த மொச்சை வாசனையை முகர்ந்துகொண்டே திம்மன் கண்ணை மூடினான். தட்டில் குழம்பு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

திம்மனைப் புதைத்த மறுநாள் அந்தச் சட்டைகளைக் கொண்டுபோய்க் கொடியின் காலடியில் கொட்டினாள். எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள், அந்தப் பாதி மாசத்தையும் தருகிறேன், ஒரு வருஷமே தருகிறேன் என்றாள். அவள் வாயிலிருந்து கேட்காமலே விலை ஏறியது அதுதான் முதல் தடவை. கொடி ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு எந்தக் கொடியும் மனுஷரோடு பேசவில்லை.

பறிக்காமல் விட்ட காய் வெடித்து, சட்டையோடு விதை விழுந்து, சட்டையோடு முளைத்தது. அந்தப் பனிக்காலத்திலிருந்துதான் மொச்சை மார்கழிக் குளிரில் கருகாமல் காய்க்கிறது. அதன் ஒவ்வொரு கொட்டைக்கும் ஓரத்தில் வெள்ளைக் கரை வைத்த ஒரு சட்டை இருக்கிறது. கேழ்வரகுச் சேவைக்குக் குழம்பு வைக்கிறவர்கள், இன்றைக்கும் விறைத்த விரலால் அந்தச் சட்டையை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.